5150: ஒரு பெயர், பல ஆம்ப்கள்

டிரான்சிஸ்டர் வந்த பிறகு வால்வு ரேடியோ பரணுக்குப் போய்விட்டது. தொலைக்காட்சிப் பெட்டியும் கணினியும் வால்வைக் கைவிட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்களோ இன்னும் அந்தக் கண்ணாடிக் குழல்களை விடவில்லை. பழைமை மேல் உள்ள பற்று மட்டும் இதற்குக் காரணமல்ல. தன் அளவுக்கு மீறி விரட்டப்படும்போது வால்வு ஒலியை ஒரேயடியாக வெட்டிவிடாது. அலையின் உச்சியைச் சிறிது சிறிதாக நசுக்கும். அந்த நசுங்கலில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. ராக் இசையின் கரகரப்பு, மெட்டல் இசையின் உறுமல் எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

உறுமல் கூடக் கூட, அதற்கென்றே கட்டிய ஆம்ப்ளிஃபயர்கள் தேவைப்பட்டன. ஹை கெயின் ஆம்ப் என்று இவற்றைச் சொல்கிறார்கள். கிடாரிலிருந்து வரும் சிறு மின்சைகையை ஒரு வால்வு பெருக்கி அடுத்த வால்வுக்குத் தரும். அது இன்னும் பெருக்கி அதற்கடுத்ததற்குத் தரும். இப்படி மூன்று, நான்கு படிகளைத் தாண்டுவதற்குள் அலை முழுவதும் நசுங்கிவிடும். 1980களின் பிற்பகுதியில் மைக்கேல் சோல்டானோ உருவாக்கிய எஸ்எல்ஓ-100 இந்த வகைக்கு ஒரு முன்மாதிரி. பின்னால் வந்த பல ஆம்ப்களின் சுற்றுகளில் அதன் சாயலைப் பார்க்கலாம்.

வான் ஹேலன் ராக் குழுவின் கிடார் கலைஞர் எடி வான் ஹேலனும் அந்த சோல்டானோவை வாசித்தவர்தான். 1990களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மெரிடியன் நகரில் இருக்கும் பீவி நிறுவனத்தோடு கைகோத்தார். அங்கே பொறியாளராக இருந்த ஜேம்ஸ் பிரவுன் வடிவமைத்த ஆம்ப் 1992 வாக்கில் கடைக்கு வந்தது. அதன் பெயர் 5150. மனநிலை பாதிக்கப்பட்டுத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடிய ஒருவரை 72 மணி நேரம் வரை கட்டாயமாக மருத்துவக் கண்காணிப்பில் வைக்க இடம் தரும் கலிஃபோர்னியச் சட்டப் பிரிவின் எண் அது. எடி தன் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முதலில் இந்தப் பெயரை வைத்தார். 1986இல் வெளிவந்த வான் ஹேலன் குழுவின் ஆல்பத்துக்கும் இதே பெயர்தான்.

முதல் 5150இன் முகப்பைப் பார்த்தால் அதன் குணம் பிடிபடும். இடது ஓரத்தில் கிடார் வயரைச் செருகும் துளை. ரிதம், லீட் என்று இரண்டு சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் 'ப்ரீ', 'போஸ்ட்' என்று இரண்டு குமிழ்கள். ப்ரீ என்பது எவ்வளவு கரகரப்பு, போஸ்ட் என்பது எவ்வளவு சத்தம். நடுவில் லோ, மிட், ஹை என்று மூன்று குமிழ்கள். இந்த மூன்றும் இரண்டு சேனல்களுக்கும் பொது. சிக்கல் இங்கேதான். லீட் சேனலின் உறுமலுக்காக லோ குமிழைத் திருகி பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியைத் திருத்தினால், ரிதம் சேனலின் ஒலியும் சேர்ந்து மாறிவிடும். ஒரே பாட்டில் தெளிவான மீட்டலும் கனத்த உறுமலும் வேண்டும் என்பவர் ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். லீட் சேனலின் ப்ரீ குமிழ் 10 வரை போகும். ஆனால் நாலைத் தொடும்போதே மெட்டலுக்கு வேண்டிய கரகரப்பு வந்துவிடும். அதற்கு மேல் திருகினால் இரைச்சல்தான் கூடும்.

உள்ளே ஐந்து 12ஏஎக்ஸ்7 சிறு வால்வுகள், நான்கு 6எல்6 பெரிய வால்வுகள், 120 வாட்ஸ். பெரிய வால்வுகளுக்குள் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை 'பயஸ்' என்பார்கள். இந்த ஆம்பில் அதைத் தாழ்வாக, மாற்ற முடியாதபடி வைத்திருந்தார்கள். வால்வுகள் நீண்ட நாள் உழைக்க அது நல்லது. ஒலியில் மெல்லிய சரசரப்பு ஒட்டிக்கொள்வதற்கும் அதுவே காரணம். பலர் ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து அந்த இடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டுப்பாடு ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள்.

எடிக்காகப் பிறந்த ஆம்பைத் தத்தெடுத்துக்கொண்டவர்கள் மெட்டல் கலைஞர்கள். மெஷின் ஹெட் குழுவின் ராப் ஃபிளின்னின் ஒலி இதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஆண்டி ஸ்னீப் போன்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கூடங்களில் இதை நம்பி நின்றார்கள். அவர்கள் காலத்தில் பரவிய ஓர் உத்தி இன்றும் எல்லோருக்கும் பழக்கம். கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவே ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் போன்ற பச்சைப் பெடல் ஒன்றை வைத்து, அதன் டிரைவ் குமிழை முழுக்கக் குறைத்து, லெவல் குமிழை ஏற்றிவிடுவார்கள். கரகரப்பைக் கூட்டுவது இங்கே நோக்கமல்ல. முதல் வால்வுக்குப் போகும் முன்பே பெடல் பாஸைக் குறைத்துவிடுகிறது. பாஸ் நிறைந்த சைகை நசுங்கினால் ஒலி குழைந்துபோகும். பாஸை முன்கூட்டியே வடித்துவிட்டால், உள்ளங்கையைக் கம்பியில் அழுத்தி வாசிக்கும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறிக்கும். இந்த ஒரு பெடல் ஒலியில் செய்யும் மாற்றம், 5150இன் இரண்டு வெர்ஷன்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. வெர்ஷனைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

1999இல் 5150 II வந்தது. சேனலுக்குச் சேனல் தனி லோ, மிட், ஹை. சிறு வால்வுகள் ஆறு. பயஸைப் பின்புறத்திலிருந்தே அளந்து திருத்த வழி. முதல் ஆம்பின் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஆனாலும் 'முதல் 5150இன் முரட்டுத்தனம் இதில் இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் முதலாவது சற்றுக் காரமாகவும் இரண்டாவது சற்று வழவழப்பாகவும் கேட்கும். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. எதை வாசிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்த விஷயம்.

2004இல் எடியும் பீவியும் பிரிந்தார்கள். பெயர் எடியோடு போயிற்று. சுற்று பீவியிடம் தங்கிற்று. 5150 என்பது 6505 ஆயிற்று. 5150 II என்பது 6505 பிளஸ் ஆயிற்று. 1965இல் தொடங்கிய பீவிக்கு 2005இல் 40 வயது. இந்த இரண்டு ஆண்டுகளின் கடைசி இரண்டிரண்டு இலக்கங்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரே சுற்று, எழுதியிருக்கும் பெயரைப் பொறுத்து வேறு வேறு விலைக்குப் போகிறது. இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தொடக்க கால 5150களின் முகப்பில் பெயர் கட்டை எழுத்தில் இருக்கும். பிறகு வந்தவற்றில் எடியின் கையெழுத்து இருக்கும். கட்டை எழுத்து ஆம்புக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் தருகிறார்கள். அவற்றில் பல அன்று சில்வேனியா வால்வுகளோடு வந்தவை. அந்த வால்வுகள் இன்றைக்கு மாறியிருந்தால், கூடுதல் பணம் எழுத்துக்குத்தான் போகிறது.

பீவியை விட்ட எடி, ஃபெண்டரோடு சேர்ந்து இவிஎச் என்ற பெயரில் 2007இல் 5150 III-ஐக் கொண்டுவந்தார். இதில் மூன்று சேனல்கள். பச்சை விளக்கு எரிந்தால் தெளிவான ஒலி, நீலத்துக்குக் கரகரப்பு, சிவப்புக்கு முழு உறுமல். பழைய 5150 ஒழுங்காகத் தராத ஒன்று அந்தத் தெளிவான ஒலி. இதில் அது உண்மையாகவே கிடைக்கிறது. 100 வாட்ஸ் ஆம்பில் ஒவ்வொரு சேனலுக்கும் தனிக் கட்டுப்பாடு. எட்டு சிறு வால்வுகள், நான்கு பெரிய வால்வுகள். 50 வாட்ஸ் ஆம்பில் பச்சையும் நீலமும் லோ, மிட், ஹை குமிழ்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பின்னால் 6எல்6க்குப் பதிலாக இஎல்34 வால்வு போட்ட வகையும் வந்தது. 6எல்6இல் பாஸ் அகலம். இஎல்34இல் நடு ஒலி முன்னால் வந்து நிற்கும், பழைய மார்ஷல் ஆம்ப்களைப் போல. எடி 2020 அக்டோபர் 6 அன்று காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, விலையைக் குறைத்து ஐகானிக் வரிசையை இவிஎச் வெளியிட்டது.

வாட்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 100 வாட்ஸ் ஆம்ப் 50 வாட்ஸை விட இரு மடங்கு சத்தம் போடாது. வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே 50 வாட்ஸ் ஆம்பும் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும். வீட்டுக்கு அதுவே அதிகம். அடுக்குமாடியில் இருப்பவர் பெரிய ஆம்பை வாங்கி, போஸ்ட் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாமல் தவிப்பதைவிட 20, 5, 1 வாட்ஸ் என்று மாற்றிக்கொள்ளக்கூடிய பீவி 6505 எம்எச்சையோ, 15 வாட்ஸ் இவிஎச் எல்பிஎக்ஸையோ வாங்கலாம். இரண்டிலும் சிறிய இஎல்84 வால்வுகள். அண்ணன் ஆம்பின் அகன்ற பாஸ் இவற்றில் கிடைக்காது. ஆனால் குணம் அதேதான்.

ஸ்பீக்கரை மறக்கக் கூடாது. ஒரே ஆம்பை செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட கேபினெட்டிலும், அன்று பீவி தன் 5150 கேபினெட்டில் போட்ட ஷெஃபீல்டு ஸ்பீக்கரிலும் கேட்டால் இரண்டு வேறு ஆம்ப்களோ என்று தோன்றும். கடையில் இரண்டு வெர்ஷன்களை ஒப்பிடும்போது கேபினெட் ஒன்றாகவே இருக்கட்டும். சத்தத்தையும் ஒரே அளவில் வையுங்கள். சற்றே உரக்கப் பாடுகிற ஆம்ப்தான் எப்போதும் நல்ல ஆம்பாகத் தெரியும்; காதின் இயல்பு அது.

வெளிநாட்டிலிருந்து பழைய ஆம்பை வரவழைப்பவர்கள் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட் ஆம்ப். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் உள்ளே இருப்பவை கருகிவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை ஒரு நொடிகூட வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பெட்டியைத் திறக்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு மாற்றும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். முதல் 5150இல் ஒன்பது வால்வுகள், 5150 III 100 வாட்ஸில் பன்னிரண்டு. இன்று கிடார் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனாவிலிருந்து வருகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதி தடுமாறியபோது உலகம் முழுவதும் விலை ஏறியது.

முடிவாக, கனத்த ரிதம் ஒன்று மட்டும் போதும் என்பவர் பழைய 5150யோ அதே சுற்றுள்ள 6505யோ வாங்கலாம். எந்தப் பெயர் மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் இரண்டு சேனல்களையும் மாற்றி மாற்றி வாசிப்பவருக்கு 6505 பிளஸ். தெளிவான மீட்டலும் உறுமலும் ஒரே இரவில் வேண்டும் என்பவருக்கு 5150 III, அதிலும் 50 வாட்ஸே தாராளம்.