கப்பலை விட்டு வராத கேப்டன்

தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. இங்கே டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கும் படைவீரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் மேல் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். சிலர் விடுமுறைக்கு வருகிறார்கள். சிலர் ஓய்வு பெற்று வருகிறார்கள். போரில் இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. அவர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் யார்?

குக்ரி என்ற கப்பல்

1971 டிசம்பர் 3-ஆம் தேதி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. மறுநாள் இரவு நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியது. அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஐந்து நாட்கள் கழிந்தன. டிசம்பர் 9. இரவு நேரம். குஜராத் கரையை ஒட்டி டையூ என்ற ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால் கடலில் ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பல் சென்றுகொண்டிருந்தது. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது அதன் வேலை. ஆனால் அந்த நீர்மூழ்கி முந்திக்கொண்டது. அது 'டார்பிடோ'வை ஏவியது. டார்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டு. குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. அவருக்கு வயது 45. மாலுமிகளைத் தப்பிக்கச் சொன்னார். தன்னுடைய மிதவை உடுப்பையும் ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். அவர் மட்டும் கப்பலை விட்டு வரவில்லை. அவரோடு சேர்ந்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் இழந்தார்கள். மொத்தம் 194 பேர். முல்லாவுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

டையூவில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி உருவம் உள்ளது.

முன்னாள் வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

பல ஊர்களில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் உண்டு. இறந்த வீரர்களுக்கு அவர்கள் மலர்வளையம் வைக்கிறார்கள். மௌனமாக நிற்கிறார்கள். வேலை அதோடு முடிவதில்லை. இறந்தவரின் வீட்டுக்கும் துணை நிற்க வேண்டும்.

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் இது நடந்து வருகிறது. அன்று சிறு கொடி கொடுத்து நிதி திரட்டுவார்கள். கொடியில் மூன்று நிறங்கள் இருக்கும். சிவப்பு தரைப்படைக்கு. கருநீலம் கடற்படைக்கு. இளநீலம் விமானப்படைக்கு. அந்த நிதி, போரில் கணவரை இழந்த பெண்களுக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்கும் உதவுகிறது.

படிப்பு இங்கேயும் உதவும்

வீரரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கான ஆணையைப் பி.பி.ஓ. என்பார்கள். அதில் மனைவியின் பெயர் சரியாக இருக்க வேண்டும். பிறந்த தேதியும் சரியாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டி வரலாம். கணவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தாளை எடுத்து நீங்களே படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஓய்வூதியம் பெறுபவர் ஆண்டுதோறும் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். அதையும் மறக்க வேண்டாம்.

முல்லா தம் மாலுமிகளைக் கைவிடவில்லை. அவர்களைப் போன்றவர்களின் குடும்பங்களை நாமும் கைவிடக் கூடாது.

கலந்து பேசுங்கள்

1. கொடியின் மூன்று நிறங்கள் எவை? எந்த நிறம் எந்தப் படைக்கு?
2. உங்கள் தெருவில் படைவீரர் குடும்பம் இருக்கிறதா? அவர்களுக்கு நீங்கள் எதைப் படித்துச் சொல்லலாம்?