ஏவலும் வேண்டலும்: புளூடூத் இணைப்பில் மொழியின் இடம்

கைப்பேசியின் குறுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பாகிய புளூடூத்தை இயக்கச் செயலிகள் இடும் நிரல் ஆணைகளை ஏவல், வேண்டல் என இருவகைப்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் 'எனேபிள்' என்பது ஏவல். பயனரை அவ்வப்போது கேளாமலே இணைப்பை இயக்க வல்லது. 2022இல் வெளியான 13ஆம் பதிப்பை இலக்காகக் கொண்ட பொதுச் செயலிகளுக்கு இவ்வாணை பயன்படாது. அவை 'இயக்கலாமா?' என இயங்குதளத்தின் வழியே வேண்டுதல் வேண்டும்; பயனர் இசைந்தாலே இணைப்பு இயங்கும்.

அவ்வினா கைப்பேசிக்கெனத் தேர்ந்த மொழியிலேயே தோன்றும். தமிழும் மலையாளமும் வழங்கும் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டப் பகுதியில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரின் கைப்பேசி ஆங்கிலத்தில் அமைந்திருப்பின், வினா விளங்காமலே இசைவு பதிவாகக்கூடும். அந்நிலையில் ஏவல் வேண்டலாக மாறியது நிரலில் மட்டுமே. பயனரைப் பொறுத்தவரை அது இன்னும் ஏவலே எனலாம்.