முயல் வளர்ப்பில் லாபம்: இனமும் தீவனமும்

நம் கடைகளுக்குத் தவிடும் பிண்ணாக்கும் வாங்க வருவோரில் முயல் வளர்ப்போரும் உண்டு. "எது விலை குறைவோ அதைக் கொடுங்கள்" என்பார்கள். நாமும் எடை போட்டுக் கொடுத்துப் பற்றில் எழுதிக்கொள்கிறோம். முயல் வளராவிட்டால் அந்தப் பற்று வசூலாகாது. ஆகவே இத்தொழிலின் கணக்கு வியாபாரிகளாகிய நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இனம். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவை இறைச்சி இனங்கள். நன்கு வளர்ந்தால் 4 கிலோவைத் தாண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய இனங்களை வளர்க்கிறார்கள். நல்ல இனக்குட்டி நல்ல தீவனத்தில் ஏறக்குறைய 12 வாரத்தில் 2 கிலோ எட்டும். ஒரே ஈற்றுக் குட்டிகளையே இணைசேர்த்து வந்தால் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ச்சி குன்றும்.

அதே எடைக்கு 16 வாரம் ஆவதாக வைத்துக்கொள்வோம். அதிகப்படியான 28 நாளில், நாளுக்கு 100 கிராம் வீதம், ஒரு முயல் 2.8 கிலோ தீவனம் தின்னும். 50 முயலுக்கு 140 கிலோ. ஏறத்தாழ மூன்று மூடை வீண் செலவு!

அடுத்து தீவனத்தின் எரிசக்தி. வளரும் முயலுக்குக் கிலோவுக்குச் சுமார் 2500 கிலோ கலோரி செரிக்கும் எரிசக்தியும், 16 சதவீதம் புரதமும் வேண்டும். முயல் தன் எரிசக்தித் தேவை தீரும்வரை தின்னும். வெறும் தவிடும் புல்லும் போட்டால் தேவை தீருமுன் வயிறு நிறைந்துவிடும், வளர்ச்சி நிற்கும். மலிவுத் தீவனம் மூடை விலையில் மலிவு. ஒரு கிலோ இறைச்சிக்கு ஆகும் செலவில் அதுவே கிராக்கி.

அதற்காக மக்காச்சோளத்தையும் உலர்ந்த மரச்சீனியையும் அள்ளிப் போடுவதும் ஆபத்து. மாவுச்சத்து மிகுந்து நார்ச்சத்து குறைந்தால் குடலில் புளித்து, கழிச்சல் கண்டு குட்டிகள் சாகும். பால் மறந்த குட்டிகளுக்கு இது அதிகம். நார்ச்சத்து 12 சதவீதத்துக்குக் குறையலாகாது.

நல்ல இனத்துக்கு மட்டமான தீவனம் போட்டால் அது நாட்டு முயல் போலவே வளரும். மட்டமான இனத்துக்கு உயர்ந்த தீவனம் போட்டால் கொழுப்புத்தான் சேரும். இரண்டும் பொருந்தினால்தான் லாபம்.

மலையில் கிடைக்கும் வளர்ச்சி இனயம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் அப்படியே கிடைக்காது. வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போனால் முயல் தீனியைக் குறைக்கும். தென்னை நிழலில் கொட்டகை அமைத்து, அந்தி சாய்ந்தபின் பெரும்பங்கு தீவனம் போடுவது நல்லது.

நம் பொறுப்பும் ஒன்று உண்டு. இடவப்பாதி மழையில் கடலைப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் பூசணம் பிடிக்கும். அந்த நஞ்சை முயல் சிறிதும் தாங்காது. பூத்த சரக்கைத் தள்ளுபடி விலைக்குக்கூட விற்கக் கூடாது. மூடைகளைப் பலகைமேல் அடுக்கி, பழைய சரக்கை முதலில் விற்போம்.

கடைசியாக, வளர்த்ததை வாங்க ஆள் உண்டா என்று பார்த்தபின்பே முதல் போடச் சொல்லுங்கள். திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பி, 2012-இல் ஈமு கோழித் திட்டங்களில் நம் மாநிலத்தில் பலர் சேமிப்பை இழந்தனர். பத்து முயலில் தொடங்கி, கணக்கு எழுதிப் பார்த்து, பின் பெருக்குவதே புத்திசாலித்தனம். வாடிக்கையாளர் பிழைத்தால் நாமும் பிழைப்போம்.