உங்களுக்குத் தெரியுமா? ஆலைக்கு இசைவு, நீருக்குக் கணக்கு

கொள்ளிடக் கரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சி, வயல்கள் சூழ்ந்த ஊர். அது இருக்கும் அரியலூர் மாவட்டமோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பேர்போனது. வயலும் ஆலையும் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் கண்காணிப்பு மிக அவசியம்.

■ இரண்டு இசைவுகள்: 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் ஆலை, கட்டுமானத்துக்கு முன் ‘நிறுவ இசைவு’, உற்பத்திக்கு முன் ‘இயக்க இசைவு’ பெற வேண்டும். இவற்றை வழங்குவது 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்.

■ சாட்சியாகும் மாதிரி: சட்டமுறைப்படி கழிவுநீர் மாதிரி எடுக்கும் அதிகாரி, அங்கேயே ஆலைத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரிப்பார். கலன்களுக்கு முத்திரையிட்டு, அதிகாரியும் ஆலைத் தரப்பினரும் கையெழுத்திடுவார்கள். ஒரு பகுதி உடனே ஆய்வகத்துக்குப் போகும். இம்முறை பிசகினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் நிற்காது.

■ நிலத்தடி நீர்க் கணக்கு: தமிழ்நாட்டில் நிலத்தடி நீர், பகுதிவாரியாக மதிப்பிடப்படுகிறது. ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் ‘பாதுகாப்பானது’. 90 வரை ‘மித அபாயம்’. 100 வரை ‘அபாயம்’. அதைத் தாண்டினால் ‘மிகை நுகர்வு’.

■ மக்களுக்கும் உரிமை: இசைவு நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். அந்த ஆலையால் பாதிக்கப்படுவோர் அதைப் பார்வையிட நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு வழிசெய்கிறது.