பலகைத் தளத்துக்குப் பினாயில் வேண்டாம்

"மரத்தளம் துடைக்க ஏதாவது கொடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால், நம்மில் பலருக்குக் கை போவது பினாயில் பாட்டிலுக்குத்தான். சிமெண்டுத் தரைக்கும் மொசைக்குக்கும் அது சரி. மரத்துக்கு ஆகாது. பினாயிலைவிட, அதைக் கலக்கும் ஒரு வாளித் தண்ணீர்தான் பெரிய கெடுதல்.

புதுச்சேரியில் மரத்தளம் வீட்டுக்கு வீடு இருப்பதல்ல. கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு வீடுகளிலும், வைசியாள் வீதி போன்ற இடங்களின் பழைய மாடி வீடுகளிலும் தேக்கு உத்தரம், மரப் படிக்கட்டு, சிலவற்றில் பலகைத் தளம் என்று மிஞ்சியிருக்கின்றன. நம் கடைப் பரணும் பலகைதானே!

1870-71இல் கட்டிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். சொந்த வீட்டுக்காரருக்கு அப்படிக் கட்டித்தர யார் வருவார்கள்? பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் தாங்குவது மரக்கட்டைகளே. சுவருக்குள் செருகிய முனையில் ஈரம் தங்கினால் வெளியே தெரியாமலே இற்றுவிடும்.

தளத்துக்கு முதல் எதிரி, செருப்போடு வரும் மணல். அது உப்புத்தாள் போலப் பூச்சை அராவும். வாசலில் தேங்காய்நார் மிதியடி போட்டு, தினமும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் மர ஓட்டத்தின் போக்கில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பிசுக்கு இருந்தால் சிறிது சோப்புக் கரைசல் போதும். ஆசிட், சலவைச் சோடா இரண்டும் கூடாது. பூச்சு போய், மரத்தின் நிறமும் கெடும்.

பூச்சு இருக்கிறதா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் கவலையில்லை. உறிஞ்சிக் கறுத்தால் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. மழை ஓய்ந்து ஈரம் காய்ந்த மாசி, பங்குனி இதற்கு ஏற்றவை. வார்னிஷ் போடாமல் எண்ணெய் பூசிய தளமானால், உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பெயிண்டுக் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை மெல்லியதாகப் பூசி, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். நம் கடையின் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இதுபோல உலர்ந்து இறுகா. பிசுபிசுத்துத் தூசியைத்தான் சேர்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றும். நெருப்புப் பொறி எதுவும் வேண்டாம். சாக்குமூட்டை நிறைந்த கடையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் போட்டு மூடுங்கள்.

இப்போது பலர் போடும் லாமினேட் தளம் வேறு சங்கதி. மேலே இருப்பது மரமல்ல, அச்சிட்ட தாள். அதற்கு எண்ணெயோ உப்புத்தாளோ கூடாது. இணைப்பில் தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். ஆகவே எந்தத் தளம் என்று கேட்டுவிட்டே சரக்கை எடுத்துக் கொடுங்கள்.

பரண் வைத்திருப்போர் மாதம் ஒருமுறை டார்ச்சுடன் உத்தரத்தைப் பார்க்க வேண்டும். மண்கோடு தெரிந்தால் கறையான். மாவு உதிர்ந்தால் உளு. தட்டும்போது டொக்கென்று ஒலித்தால் மூட்டைகளை அன்றே கீழே இறக்கித் தச்சரை அழையுங்கள். 50 கிலோ மூட்டை இருபது என்றால் ஒரு டன். அதற்கு நேர் கீழேதான் கல்லாவும் வாடிக்கையாளரும்.