கைக்கு எட்டாமல், காதுக்கு எட்டும்படி

பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்த நம்மவர்களுக்கு, தொலைபேசி ஒரு காலத்தில் ஏக்கத்தின் மறுபெயராய் இருந்தது. எஸ்.டி.டி. கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காகக் காத்திருந்து, பூத்தின் முன் வரிசையில் நின்று, ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடியே தாயின் குரலைக் கேட்டவர்கள் இன்றும் நம் சபைகளில் இருக்கிறார்கள். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியபோது இந்தியாவில் கைப்பேசிக் காலம் தொடங்கிற்று. 2003-இல் உள்வரும் அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கிற்று. 2016-க்குப்பின் இணையமும் மலிவாயிற்று. அன்று பூத்தின் வாசலில் நாம் காத்திருந்தோம். இன்று நம் தலையணையின் அருகே அது காத்திருக்கிறது.

கடைசியாகக் கண் பார்ப்பது கைப்பேசி, விழித்தவுடன் கை தேடுவதும் கைப்பேசி என்ற நிலை விசுவாசக் குடும்பங்களிலும் வந்துவிட்டது. "படுக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்" என்று போதகர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் "ஆமென்" என்கிறார்கள். ஆனால் அன்றிரவே அது மீண்டும் தலைமாட்டுக்கு வந்துவிடுகிறது. ஏன்?

இரண்டு பயங்கள்

இதை வெறும் இச்சையடக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது. நகரத்தில் குடியேறியவர்களின் உள்ளத்தில் இரண்டு மெய்யான பயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஊரைப்பற்றிய பயம். திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ வயதான தகப்பனார் தனியே இருக்கிறார். இரவில் நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தால், எடுக்காமற்போனவன் என்ற பாரத்தை எந்தப் பிள்ளையும் சுமக்க விரும்பமாட்டான். இரண்டாவது, வேலையைப்பற்றிய பயம். மருத்துவமனையில் செவிலியராய் இருக்கும் சகோதரி, அதிகாலையில் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டும் சகோதரர், கட்டடத்தின் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பராமரிக்கிறவர் ஆகியோரை எந்நேரமும் அழைக்கக்கூடும். பெங்களூரில் கணினி நிறுவனத்தில் பணிபுரியும் வாலிபருக்கோ, இங்கே இரவு ஒன்பதரை மணியாகும்போது நியூயார்க்கில் கோடைகாலத்தில் நண்பகல் பன்னிரண்டு மணி. அவருடைய மேலாளர் அப்போது முழு வேலையில் இருப்பார்.

ஆகவே "கைப்பேசியை அணைத்துவிடுங்கள்" என்ற ஆலோசனை இவர்களுக்குப் பொருந்தாது. செய்ய முடியாத ஆலோசனை குற்றவுணர்வைக் கூட்டுமேயன்றிக் குடும்பத்தைச் சீர்ப்படுத்தாது.

பாதிராத்திரியில் வந்த சிநேகிதன்

லூக்கா சுவிசேஷம் பதினோராம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன ஓர் உவமை உண்டு. வீட்டுக்கு விருந்தினன் வந்துவிட்டான்; கொடுக்க ஒன்றுமில்லை. நடு இரவில் ஒருவன் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பங்களைக் கேட்கிறான். உள்ளேயிருப்பவனோ, கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள் என்கிறான். ஆனாலும் கேட்டவன் விடாமல் கேட்டபடியால் எழுந்து கொடுக்கிறான்.

இது ஜெபத்தைக்குறித்த உவமை. அந்தப் பொருளை நாம் மாற்றுவதற்கில்லை. ஆயினும் அந்த வீட்டைச் சற்றுக் கவனியுங்கள். கதவு பூட்டப்பட்டிருந்தது. குடும்பம் ஒன்றாய்ப் படுத்திருந்தது. அப்படியிருந்தும், மெய்யான தேவையோடு வந்தவனின் குரல் உள்ளே கேட்டது. அடைத்த கதவும் வேண்டும், அவசரக் குரல் கேட்கவும் வேண்டும் என்றால், அவ்விரண்டும் ஒரே வீட்டில் கூடும்.

கைப்பேசியிலும் இது கூடும். அதற்கு நாம் ஒரு வேறுபாட்டை அறியவேண்டும். அழைப்பு வேறு, செய்தி வேறு. நள்ளிரவில் ஒருவர் எண்ணைத் தேடி அழைக்கிறாரென்றால் பெரும்பாலும் அவருக்கு நாம் தேவை. வாட்ஸ்அப் செய்திகளும் வீடியோக்களும் அப்படியல்ல. அவை விடியும்வரை காத்திருக்கும். நம் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. நாம் பயப்படுவதோ முதலாவது வகையைத் தவறவிட்டுவிடுவோமோ என்று. செய்தியை வெளியே நிறுத்தி அழைப்பை உள்ளே விட்டால் பயமும் தீரும், உறக்கமும் மீளும்.

செய்யத்தக்கவை

எளிய வழி, படுக்கப்போகும்முன் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, அழைப்பு மணியை மட்டும் உரக்க வைப்பது. சாதாரண அழைப்புகள் வரும், செய்திகள் வரா. வளைகுடா நாடுகளிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைக்கும் உறவினரிடம், அவசரமானால் சாதாரண அழைப்பில் கூப்பிடும்படி முன்னதாகவே சொல்லிவைக்கவேண்டும்.

'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற அமைப்பு இன்னும் நுட்பமானது. பெற்றோர், உடன்பிறந்தோர், போதகர், பணியிடத்தில் பொறுப்பானவர் ஆகியோரின் எண்களை மட்டும் அனுமதித்துவிட்டு மற்றவற்றை மௌனமாக்கலாம். பட்டியலில் இல்லாதவருக்கும் அதில் ஒரு வாசல் உண்டு. ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி ஒலிக்கும்படி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும் அந்த இரண்டாம் அழைப்பு வரவேண்டும். வருந்திக் கேட்கிறவனுக்குக் கதவு திறந்த அந்த வீட்டை இது நினைப்பூட்டவில்லையா? இரண்டு சிம் உள்ளவர்கள் அலுவலக எண்ணை இரவில் அணைத்து, வீட்டு எண்ணை மட்டும் விழித்திருக்கச் செய்யலாம்.

வேலை ஸ்தலத்தில் இதை மறைக்கவேண்டியதில்லை. "இரவு பத்து மணிக்குமேல் செய்திகளைப் பார்க்கமாட்டேன்; அவசரமானால் அழையுங்கள், எடுப்பேன்" என்று பணிவோடு சொல்லிவிடலாம். செய்தி அனுப்புவது எளிது. அழைப்பதற்கு முன் மனிதன் ஒருமுறை யோசிப்பான். அந்த யோசனையே பாதித் தொந்தரவை நீக்கிவிடும். பிரான்சு தேசத்தில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் வேலைநேரத்துக்குப்பின் தொடர்பைத் தவிர்க்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. நம் நாட்டில் 2018-இல் சுப்ரியா சுலே மக்களவையில் இதற்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே இங்கே நாவின் சாந்தமும் வேலையில் உண்மையுமே நமக்குத் துணை. பகலில் உண்மையாய் உழைக்கிறவனின் வார்த்தைக்கு மதிப்பிருக்கும்.

இரவில் அழைக்கப்படும் பொறுப்பு முறைவைத்து வருகிறவர்கள், அந்த வாரத்தை முன்னதாகவே வீட்டாருக்குத் தெரிவிக்கட்டும். அவர்களுடைய எச்சரிக்கை இணையத்தின் வழியே வருமானால் அந்தச் செயலிக்கு மட்டும் அனுமதி கொடுக்கட்டும். முறை முடிந்ததும் அந்த அனுமதியும் முடியட்டும். இரவுப்பணி செய்து பகலில் உறங்கும் காவலாளிகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

படுக்கையறையே இல்லாத வீட்டில்

"எங்களுக்கு ஏது படுக்கையறை?" என்று தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் உள்ள சகோதரிகள் கேட்பது நியாயமே. ஒரே அறை, பகலில் அது கூடம், சமைக்கும்போது அடுக்களை, பாயை விரித்தால் படுக்கையறை. உவமையில் வந்த வீடும் அத்தகையதாகவே தோன்றுகிறது. அங்கே பூட்டுவதற்கு உள்கதவு இல்லாவிட்டாலும் எல்லை வகுக்கலாம். ஃப்ரிட்ஜின் மேலோ, வாசலருகே உள்ள அலமாரியிலோ ஓர் இடத்தைக் குறித்து, வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் இரவில் அங்கே சார்ஜ் ஆகட்டும். படுத்தபடி கைநீட்டினால் எட்டக்கூடாது. மணி ஒலித்தால் காதில் விழவேண்டும். அதுவே அளவு. தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் செய்வதோ, சூடேறித் தீங்கு விளைவிக்கக்கூடிய ஆபத்து.

தண்ணீர் வரும் நேரத்துக்கும் அதிகாலை ஜெபத்துக்கும் எழுப்ப அலாரம் வேண்டுமே என்பார்கள். சில நூறு ரூபாய்க்கு மேசைக் கடிகாரம் கிடைக்கும். அது எழுப்பும்; எழுந்தவனை வேறெங்கும் இழுத்துக்கொண்டுபோகாது. வேதப்புத்தகத்தையும் பாயருகே வையுங்கள். இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்த ஆண்டவரின் பின்னடியார், முதல் நிமிடத்தைச் செய்திக் குழுக்களுக்குக் கொடுக்கலாமா?

கணவனும் மனைவியும்

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விட்டு விலகியிருப்பதைக்குறித்து அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை விவாகமானவர்கள் அறிவார்கள். ஜெபத்துக்கும் உபவாசத்துக்குமென்று, அதுவும் இருவரும் சம்மதித்து, சிலகாலம் மட்டும் என்று அவர் வரையறை வைத்தார். ஜெபத்துக்கே இத்தனை வரம்பு வைக்கப்பட்டிருக்க, யாருடைய சம்மதமும் கேளாமல், கால வரம்பும் இல்லாமல், இரவுதோறும் நம்மைப் பிரித்துவைக்க ஒரு கருவிக்கு எவ்வாறு அனுமதி கொடுத்தோம்? பகலெல்லாம் இரயிலிலும் பஸ்ஸிலும் அலைந்து திரும்பும் நகர வாழ்க்கையில், கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசக் கிடைப்பது விளக்கணைத்தபின் உள்ள அரைமணி நேரமே. மனத்தாங்கல்கள் அங்கேதான் தீரவேண்டும். அந்த அரைமணி நேரம் திரைக்குப் போய்விட்டால், தீராத மனத்தாங்கல் மறுநாளுக்கும் செல்லும்.

பிள்ளைகள்

20 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1,25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. படுக்கும் நேரத்தில் கருவிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டுமல்ல, பயன்படுத்தாமல் அருகே வைத்திருந்தவர்களுக்கும் உறக்கக் குறைவு அதிகமாய்க் காணப்பட்டது. உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பைத் திரையின் வெளிச்சம் தாமதப்படுத்துகிறது என்பதும் அறியப்பட்டதே. வாலிபப்பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. ஆனால் தகப்பனின் கைப்பேசி தலைமாட்டில் இருக்கும்வரை, மகனுக்கு இடப்படும் கட்டளை வீட்டில் நிற்காது. முதலாவது அந்த அலமாரிக்குப் போகவேண்டியது பெற்றோரின் கைப்பேசியே.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை

நம் சபைக் குழுக்களில் இரவு பதினொரு மணிக்கும் வாக்குத்தத்த வசனங்களும் ஜெபக் குறிப்புகளும் வருகின்றன. நல்ல நோக்கமே, ஆனால் பகல் முழுவதும் உழைத்து உறங்குகிறவனுக்கு அது பாரம். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை குழுவில் எதையும் பதிவு செய்யாதிருக்க மூப்பர்கள் ஒழுங்கு செய்யலாம். மரணமோ விபத்தோ நேர்ந்தால், ஒருவர் மூவரை அழைக்க, அம்மூவர் தங்களுக்குக் குறிக்கப்பட்ட குடும்பங்களை அழைக்கும் ஏற்பாடு போதும். போதகருடைய வீட்டிலும் ஒரு மனைவியும் பிள்ளைகளும் உண்டு என்பதை விசுவாசிகள் மறக்கலாகாது.

பிரியமானவர்களே, கலிலேயாக் கடலில் புயல் அடித்தபோது நம் ஆண்டவர் படகின் பின்னணியத்தில் தலையணையின்மேல் நித்திரையாயிருந்தார். சீஷர்கள் கூப்பிட்டார்கள், உடனே எழுந்தார். உறங்கவும் செய்தார், கூப்பிட்டவர்களுக்குக் கிடைக்கவும் செய்தார். உறங்காமல் காக்கிற வேலை பரம பிதாவுடையது. அதை நாம் தலைமாட்டில் வைத்துச் சுமக்கவேண்டியதில்லை. இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், ஜெபித்த கையோடே எல்லாருடைய கைப்பேசிகளையும் அந்த ஓர் இடத்தில் வையுங்கள். ஊரிலுள்ள தகப்பனாருக்கும் சொல்லுங்கள்: "அப்பா, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், மணி கேட்கும், எழுந்து வருவேன்." கர்த்தர்தாமே உங்கள் இரவுகளைக் காத்து, உங்களுக்கு இன்பமான நித்திரையைக் கட்டளையிடுவாராக. ஆமென்.