நெடிய ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றின் அசையும் அழுத்தமும்

'ஆன்டிடிஸ்எஸ்டாப்லிஷ்மென்டேரியனிஸம்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல் 28 எழுத்துகளை உடையது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசோடுள்ள சட்டப்பிணைப்பை நீக்குவதை எதிர்க்கும் கொள்கை என்பது அதன் பொருள். 'நிறுவு' எனப் பொருள்படும் 'எஸ்டாப்லிஷ்' என்னும் வினையே அடிச்சொல். 'டிஸ்' நீக்கத்தையும், 'மென்ட்' பெயராக்கத்தையும், 'ஏரியன்' ஆதரவாளரையும், 'ஆன்டி' எதிர்ப்பையும், 'இஸம்' கொள்கையையும் குறிக்கின்றன.

ஆறு உருபன்களாலான இச்சொல் ஒலிப்பில் 12 அசைகளாகப் பிரிகிறது: ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-லிஷ்-மென்-டே-ரி-அ-னி-ஸம். (அசை என்பது ஈண்டு யாப்பின் நேர், நிரை அன்று, ஓருயிரை மையமாகக் கொண்ட ஒலிக்கூறு.) 'மென்ட்' என்பதன் ஈற்று மெய், வரும் உயிரோடு கூடி 'டே' என அடுத்த அசையாகிவிடுகிறது. உடல்மேல் உயிரேறும் புணர்ச்சியை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. இடர்ப்பாடு அழுத்தத்தில்தான், தமிழில் அது சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை.

அடிச்சொல்லில் 'டாப்' மீதுள்ள முதன்மை அழுத்தம் 'டிஸ்', 'மென்ட்' சேர்ந்த பின்னும் பெயர்வதில்லை. 'ஏரியன்' சேர்ந்ததும் அது 'டே' அசைக்கு நகர்கிறது. 'டாப்' துணையழுத்தம் பெறுகிறது. 'இஸம்' சேர்வதால் மாற்றமில்லை. எனவே ஈற்றிலிருந்து மூன்றாம் அசை என எண்ணிக் கற்பிப்பது இங்குப் பொருந்தாது. எந்த ஒட்டு அழுத்தத்தை ஈர்க்கும் என்பதையே கற்பித்தல் வேண்டும். 'வெஜிடபிள்' என்பதில் முதலசையிலுள்ள அழுத்தம் 'வெஜிடேரியன்' என்பதில் 'டே'க்கு மாறுவதும் இதே ஒட்டின் செயலே.